எட்டாயிரம் வெள்ளியும் ஒரு மருத்துவ முகாமும்

கேள்வி: வணக்கம் டாக்டர். நான் பணி ஓய்வு பெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை. பினாங்கு மாநிலத்தின் பிறையில் மலிவு விலை அடுக்குமாடி வீட்டில் இருக்கிறேன். எங்கள் ஆலய மகளிர் பிரிவுக்கு நான்தான் செயலாளர். எங்கள் புளோக்கில் மட்டும் மூன்று பேர் டையலிசிஸுக்குப் போய் வருகிறார்கள். அதில் ஒருவருக்கு 38 வயதுதான் ஆகிறது. கால்விரலை எடுத்தவர்கள், பக்கவாதத்தில் படுத்தவர்கள் கணக்கு தனி. சீனிக்கு வரி போட்டார்கள், சீனியை எதிர்த்துப் போர் என்றார்கள். எங்கள் மாடிப்படி வரைக்கும் எதுவும் ஏறி வந்ததாகத் தெரியவில்லை. தமிழ்நாட்டில் வீடு தேடி மாத்திரை வருகிறதாமே, இங்கே ஏன் முடியாது? எங்களிடம் 8,000 வெள்ளி சேர்ந்திருக்கிறது. வழக்கம்போல ஒரு பெரிய இலவச மருத்துவ முகாம் போடலாம் என்பது தலைவரின் விருப்பம். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

பதில்: வணக்கம் டீச்சர். தலைவர் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை, முகாம் வேண்டாம் என்பதே என் பதில்.

முகாமில் என்ன நடக்கிறது என்று உங்களுக்கே தெரியும். காலை எட்டரைக்கு மண்டபத்தில் நாற்காலி போட்டாயிற்று. முதல் வரிசையில் வந்து உட்காருபவர்கள் ஏற்கெனவே பல வருடங்களாக மாத்திரை சாப்பிடும் அம்மாக்கள். “சும்மா ஒரு தரம் பார்த்துக்குவோமே டாக்டர்” என்று விரலை நீட்டுவார்கள். குத்திப் பார்த்தால் சீனி அளவு 14.2 மில்லிமோல். “சாப்பிட்டு வந்தீங்களாம்மா?” “ரெண்டே ரெண்டு தோசை, ஒரு தே.” அட்டையில் 14.2 என்று எழுதி, கிளினிக்குப் போங்கள் என்று சொல்லி அனுப்புகிறோம். அட்டை கைப்பைக்குள் போகிறது. அந்த எண் எந்தக் கிளினிக்கின் பதிவேட்டிலும் ஏறுவதில்லை. மறுநாள் அந்த அம்மாவைக் கூப்பிட்டு “போனீங்களா?” என்று கேட்க ஆளில்லை. அவரை மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்து விட்ட கணவரோ வெளியே மரத்தடியில் சிகரெட் பிடித்துக்கொண்டிருப்பார். உள்ளே வரமாட்டார். நாம் பிடிக்க வேண்டிய ஆள் அவர்தான்.

இது என் எரிச்சல் மட்டுமில்லை. சுகாதார அமைச்சின் 2023 தேசிய ஆய்வின்படி நாட்டில் பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. 2019-இல் அது 18.3. குறைந்துவிட்டது என்று கைதட்ட நான் தயாராக இல்லை. ஏறக்குறைய ஆறு பேரில் ஒருவர் என்பது இன்னும் பயங்கரமான கணக்குதான். நம்மவர்கள் நிலைமை அதைவிட மோசம். 2019 ஆய்வில் மலேசிய இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு. 2023 ஆய்வில் என்னை அதிகம் உலுக்கியது வேறொன்று. நீரிழிவு இருப்பவர்களில் ஐந்தில் இருவருக்கு அது இருப்பதே தெரியாது. 18 முதல் 29 வயதுக்குள் இருப்பவர்களில் 84 விழுக்காட்டினருக்குத் தெரியாது. ஆக, தெரியாதவர்கள் இளையவர்கள், வேலைக்குப் போகிறவர்கள். முகாமுக்கு வருபவர்கள் தெரிந்தவர்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆலய மண்டபத்தில் அந்த இளையவர்களைத் தேடிப் பயனில்லை.

இன்னொன்றும் உண்டு. நீங்கள் காசு செலவழித்துச் செய்யப்போகும் சோதனைக்கு அரசாங்கம் ஏற்கெனவே காசு ஒதுக்கியிருக்கிறது. குறைந்த வருமானம் உள்ளவர்களுக்காக 2019-இல் தொடங்கிய பெக்கா பி40 திட்டத்தில், அரசாங்கத்தின் எஸ்டிஆர் ரொக்க உதவித்தொகை பெறுபவர்களும் அவர்களுடைய துணைவரும் 40 வயது நிரம்பியவர்களாக இருந்தால், பதிவு பெற்ற தனியார் கிளினிக்கிலேயே இரத்தம், சிறுநீர் சோதனை எல்லாம் இலவசமாகச் செய்துகொள்ளலாம். இதய ஸ்டென்ட், கண்புரை லென்ஸ் போன்ற கருவிகளுக்கு 20,000 வெள்ளி வரை உதவியும் அதில் உண்டு. உங்கள் அடுக்குமாடியில் எத்தனை குடும்பத்துக்கு எஸ்டிஆர் வருகிறது, அதில் எத்தனை பேர் இந்தச் சோதனைக்குப் போயிருக்கிறார்கள் என்று ஒரு மாலை விசாரித்துப் பாருங்கள். எண்ணைக் கேட்டால் தலைவரே முகாம் பேச்சை விட்டுவிடுவார் என்று நினைக்கிறேன்.

இனி, “மாடிப்படி வரை எதுவும் வரவில்லை” என்ற உங்கள் வருத்தத்துக்கு வருகிறேன். அதில் பாதி உண்மை.

சீனி வரி உங்கள் மாடிப்படி ஏறி வருவதற்காகப் போடப்பட்டதில்லை. 2019 ஜூலை 1-ஆம் தேதி அது நடப்புக்கு வந்தபோது, 100 மில்லிலிட்டரில் 5 கிராமுக்கு மேல் சீனி இருக்கும் பானத்துக்கு லிட்டருக்கு 40 சென். 2024-இல் 50 சென், 2025 ஜனவரியில் 90 சென். ஆலைக்காரர் அந்த 5 கிராம் கோட்டைப் பார்த்துப் பயப்பட வேண்டும், சீனியைக் குறைத்துக் கோட்டுக்குக் கீழே வர வேண்டும் என்பதுதான் நோக்கம். நீங்கள் ஒரு சொற்பொழிவும் கேட்காமல், ஒரு சபதமும் எடுக்காமல், கடையில் எடுக்கும் டின்னில் சீனி குறைந்திருக்கும். பொதுச் சுகாதாரத்தில் எனக்குப் பிடித்த வகை வேலை இது. மெக்சிகோ 2014-இலேயே லிட்டருக்கு ஒரு பெசோ என்று தொடங்கியது. நம் நாட்டில் 2013 அக்டோபர் வரை சீனிக்கு அரசாங்கம் உதவித்தொகையே கொடுத்துக்கொண்டிருந்தது என்பதை எத்தனை பேர் நினைவில் வைத்திருக்கிறார்கள்? ஒரு கையால் சீனியை மலிவாக்கி, மறு கையால் ‘சீனியைக் குறைப்பீர்’ என்று சுவரொட்டி ஒட்டிய காலம் அது. இங்கே பினாங்கில் பயனீட்டாளர் சங்கத்தின் எஸ்.எம். முகமது இத்ரிஸ் 2019-இல் மறையும் வரை இதையெல்லாம் சலிக்காமல் கத்திக்கொண்டிருந்தார். அப்போது அவரைக் கேலி செய்தவர்களில் சிலர் இன்று என் பகுதி நோயாளிகள்.

ஆனால் ஓட்டை எங்கே என்றும் சொல்லிவிடுகிறேன். வரி டின்னுக்கும் போத்தலுக்கும்தான். மாமாக் கடையில் கெட்டிப்பால் ஊற்றி ஆற்றும் தே தாரிக்குக்கு வரி கிடையாது, அதில் எவ்வளவு சீனி என்ற எழுத்தும் கிடையாது. சிங்கப்பூரில் பானங்களுக்கு ஏ முதல் டி வரை தரம் போடும் முறை 2022 டிசம்பரில் வந்தது. அடுத்த ஆண்டே கடையில் கலந்து கொடுக்கும் பானங்களுக்கும் அதை நீட்டினார்கள். நாம் இன்னும் ‘குராங் மானிஸ்’, இனிப்பைக் குறைத்துப் போடுங்கள் என்று வாயால் கேட்டுக்கொண்டிருக்கிறோம். தே கலக்குபவர் எதைக் குறைக்கிறார் என்பது அவருக்கே வெளிச்சம்.

நம் தண்ணீர்ப் பந்தலையும் விடமாட்டேன், டீச்சர். தைப்பூசத்துக்கு நாற்பது லிட்டர் அண்டாவில் சிராப் கலக்குகிறோம். நாலு கிலோ சீனி கொட்டினால் 100 மில்லியில் 10 கிராம், அதாவது வரிக் கோட்டைப் போல இரண்டு மடங்கு. அதே அண்டாவை ஓர் ஆலை தயாரித்திருந்தால் 36 வெள்ளி வரி கட்டியிருக்கும். நீங்கள் சீனிக்குக் கொடுத்தது 12 வெள்ளிக்கும் குறைவு. அரசாங்கம் எவ்வளவு கடுமையாக வரி போட்டிருக்கிறது என்பதும், அந்தக் கடுமை எங்கே நின்றுவிடுகிறது என்பதும் இந்த ஒரு அண்டாவிலேயே தெரிகிறது. வெயிலில் நடந்து வரும் பக்தருக்கு மோரும் பச்சைத் தண்ணீரும் போதாதா? இதை மாற்ற நாடாளுமன்றம் கூட வேண்டியதில்லை. உங்கள் மகளிர் பிரிவின் ஒரு கூட்டம் போதும். சண்டை வரும், தெரியும். சிராப் கேட்டு அழும் பிள்ளையைவிட, “நாங்க முப்பது வருசமா இப்படித்தான் ஊத்துறோம்” என்று வரும் பெரியவரைச் சமாளிப்பதுதான் கஷ்டம்.

புகையைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. இருந்தாலும் ஒரு வார்த்தை. புகைப் பொருள் கட்டுப்பாட்டுச் சட்டம் 2024 அக்டோபர் 1-இல் நடப்புக்கு வந்தது, நல்லது. ஆனால் 2007 முதல் பிறந்தவர்களுக்குச் சிகரெட்டே விற்கக்கூடாது என்றிருந்த பிரிவை 2023 நவம்பரில் எடுத்துவிட்டார்கள். கடந்த பத்தாண்டில் நம் நாட்டு நோய்த் தடுப்பில் நழுவவிட்ட மிகப் பெரிய வாய்ப்பு அது என்பேன். நீரிழிவோடு சிகரெட்டும் சேர்ந்தால் காலின் இரத்தக் குழாய் அடைபடுகிறது. நீங்கள் எழுதிய அந்தக் ‘கால்விரலை எடுத்தவர்கள்’ பட்டியலில் ஆண்கள் எத்தனை பேர், அதில் புகைத்தவர்கள் எத்தனை பேர் என்று பாருங்கள்.

சரி, இவ்வளவும் இருந்தும் ஏன் டையலிசிஸ் நாற்காலி நிரம்புகிறது? இங்கேதான் நான் சொல்ல விரும்பும் முக்கிய விஷயம் இருக்கிறது. நம் அரசாங்கக் கிளினிக்குகள் கட்டப்பட்ட காலத்தில் எதிரி வேறு: மலேரியா, காசநோய், பிரசவத்தில் தாய் சாவது. வந்தார், ஊசி போட்டோம், குணமானார், போனார். அந்த வேலையை மலேசியா மிக நன்றாகச் செய்தது. நீரிழிவும் இரத்த அழுத்தமும் உள்ளவர் அப்படி ஒரு முறை வந்து போகிறவரில்லை. முப்பது வருடம் வந்துகொண்டே இருக்க வேண்டியவர். வலி இல்லாதபோதும் வர வேண்டியவர். உலகில் இத்தகைய தொற்றா நோய்களால் இறப்பவர்களில் ஏறக்குறைய முக்கால் பங்கினர் நம்மைப் போன்ற நடுத்தர வருமான நாடுகளிலும் ஏழை நாடுகளிலும் இருக்கிறார்கள். பணக்கார நாடுகளுக்கு இந்த நோய்கள் மெல்ல வந்தன, சமாளிக்கக் காசும் காலமும் இருந்தன. நமக்கு ஒரே தலைமுறையில் வந்துவிட்டன. தோட்டத்தில் பால் வெட்டிய தாத்தாவுக்கு, குறை எவ்வளவு இருந்தாலும், லயத்தில் யார் படுத்திருக்கிறார் என்று தெரிந்து வைத்திருந்த டிரசர், அதாவது தோட்ட மருத்துவ உதவியாளர், ஒருவர் இருந்தார். பேரன் அடுக்குமாடிக்கு வந்தான், பன்னிரண்டு மணி நேர ஷிப்டுக்குப் போகிறான், அவனைத் தெரிந்து வைத்திருக்கும் ஆள் யாருமில்லை.

கிளினிக்கில் ஒரு வெள்ளிதான். அதில் மருத்துவரும் உண்டு, மாத்திரையும் உண்டு. உலகத்தில் இதைவிட மலிவாகக் கொடுக்கும் இடங்கள் குறைவு. இருந்தும் ஏன் விடுகிறார்கள்? அந்த ஒரு வெள்ளிக்காக அரை நாள் சம்பளம் போகிறது. பிறை ஆலையில் ஷிப்ட் வேலை செய்பவர் இரண்டு முறை லீவு கேட்பார், மூன்றாவது முறை மேற்பார்வையாளர் முகத்தைப் பார்த்துவிட்டுக் கேட்கமாட்டார். மாத்திரை தீரும். உடம்பில் ஒன்றும் தெரியாது. ஆறு மாதம் கழித்து வாட்ஸ்அப்பில் வந்த ஏதோ ஒரு பொடி, “சிறுநீரகத்தைச் சுத்தம் செய்யும்” என்று. பிறகு ஒருநாள் கால் வீங்கி நேரே பொது மருத்துவமனை. டையலிசிஸுக்குப் புதிதாக வருபவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் நீரிழிவால் வருகிறார்கள். 2017-இல் இதய நோய், நீரிழிவு, புற்றுநோய் மூன்றின் சிகிச்சைக்கு மட்டும் நாடு செலவழித்தது 965 கோடி வெள்ளி. அதில் நீரிழிவின் பங்கு 400 கோடிக்கும் மேல். கடைசிக் கட்டத்தில் கொட்டும் அந்தக் காசில் சிறு பகுதியை, மாத்திரையை நிறுத்தியவருக்கு ஒரு போன் போட்டுக் கேட்கும் ஊழியருக்குக் கொடுத்திருக்கலாம் என்பதுதான் என்னைப் போன்றவர்கள் அமைச்சிடம் சொல்லிக்கொண்டிருப்பது.

தமிழ்நாட்டுத் திட்டத்தின் சூட்சுமமும் அந்த ஆள்தான். ‘மக்களைத் தேடி மருத்துவம்’ 2021 ஆகஸ்ட் 5-இல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கியது. மாத்திரைப் பெட்டியைவிட, அதைத் தூக்கிக்கொண்டு வரும் பெண் முக்கியம். அவர் அதே ஊர்க்காரர், பெரும்பாலும் மகளிர் சுய உதவிக் குழுவிலிருந்து வந்தவர். அழுத்தம் பார்ப்பார், சர்க்கரை பார்ப்பார், மாத்திரை கொடுப்பார், “போன மாச மாத்திரை ஏன் மிச்சம் இருக்கு?” என்று கேட்பார். இந்தக் கடைசிக் கேள்வியைக் கேட்க மருத்துவப் பட்டம் தேவையில்லை. நம் அமைச்சும் 2013-இல் கொஸ்பென் என்று சமூகத் தன்னார்வலர் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. என் பார்வையில் அது சோதனையிலும் உடற்பயிற்சியிலும் காட்டிய அக்கறையைத் தொடர்ந்து கவனிப்பதில் காட்டவில்லை. மாத்திரையைத் தபாலில் அனுப்பும் வசதி, பெரிய மருத்துவமனையில் எழுதிய மருந்தை வீட்டுக்குப் பக்கத்துக் கிளினிக்கில் வாங்கிக்கொள்ளும் வசதி இரண்டும் இங்கேயும் உண்டு. மருந்தகத்தில் கேட்டால் பதிந்து கொடுப்பார்கள். கேட்கத் தெரிந்தவர்கள் குறைவு.

ஆகவே அந்த 8,000 வெள்ளியை இப்படிப் பாருங்கள். உங்கள் மகளிர் பிரிவில் பொறுமையும் வாய்க்கட்டும் உள்ள நாலைந்து பேரைத் தேர்ந்தெடுங்கள். வாய்க்கட்டு முக்கியம், ஒருவருடைய சீனி அளவு புளோக் முழுக்கப் பரவினால் அவ்வளவுதான், அடுத்த கதவு திறக்காது. சம்மதம் கொடுத்த வீடுகளை மட்டும் ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்: அடுத்த கிளினிக் தேதி, மாத்திரை எப்போது தீரும், அவ்வளவே. மேல்கையில் கட்டும் நல்ல இரத்த அழுத்தக் கருவிகள் இரண்டு மூன்று வாங்குங்கள். மணிக்கட்டில் மாட்டுவது வேண்டாம். குளுக்கோஸ் பட்டைகளை மூட்டை மூட்டையாக வாங்காதீர்கள், அவை காலாவதியாகும். பெரும் பகுதிக் காசைப் போக்குவரத்துக்கு வையுங்கள்: நடக்க முடியாதவரைக் கிளினிக்குக் கொண்டுபோய்க் கொண்டுவர, கண் பரிசோதனைக்குப் போகும் நாளில் துணைக்கு ஆள் அனுப்ப. கண்ணுக்கு மருந்து விட்டால் சில மணி நேரம் பார்வை மங்கும். தனியாக பஸ் ஏறி வர முடியாது என்பதாலேயே பலர் அந்தச் சோதனையைத் தட்டிக்கழிக்கிறார்கள். மாத்திரை அளவை மாற்றச் சொல்வது, இன்னொருவருடைய மாத்திரையைக் கொடுப்பது, இந்த இரண்டையும் உங்கள் ஆட்கள் எக்காரணம் கொண்டும் செய்யக்கூடாது.

கிளினிக்கில் நோயாளி கேட்க வேண்டியதையும் அவர்களுக்குச் சொல்லிக் கொடுங்கள். எச்பிஏ1சி எவ்வளவு? இந்த வருடம் சிறுநீரில் புரதம் பார்த்தாயிற்றா? கண்ணைப் படம் எடுத்தாயிற்றா? காலைப் பார்த்தாயிற்றா? விரலில் குத்திப் பார்க்கும் எண் அந்த நிமிடத்துக் கதையைச் சொல்லும். எச்பிஏ1சி போன இரண்டு மூன்று மாதக் கதையைச் சொல்லும். முதல் நாள் இரவு பட்டினி கிடந்து அதை ஏமாற்ற முடியாது, நம் ஆட்கள் முயல்வார்கள்.

உங்கள் தொகுதி மக்கள் பிரதிநிதியான ஒய்.பி.க்கு மனு எழுதப்போவதாகவும் கடிதத்தின் ஓரத்தில் குறித்திருந்தீர்கள். எழுதுங்கள், ஆனால் ஏழு கோரிக்கை வேண்டாம், ஒன்றே ஒன்று: ஆலைத் தொழிலாளர்கள் அதிகமுள்ள இடத்துக் கிளினிக்கில் நீரிழிவு, அழுத்த நோயாளிகளுக்கு மாலை நேரச் சந்திப்பு. மாலையில் நேரத்தை நீட்டித்த கிளினிக்குகள் நாட்டில் உண்டு, ஆகவே முடியாது என்ற பதில் எடுபடாது. கிளினிக்கு ஆலோசனைக் குழு என்று ஒன்று இருக்கும். அதில் பொதுமக்கள் உட்காரலாம். நீங்கள் போய் உட்காருங்கள் டீச்சர். நாற்பது பிள்ளைகள் வகுப்பைக் கட்டி மேய்த்தவருக்கு அந்தக் கூட்டம் பெரிதில்லை.

கடைசியாக, அந்த 38 வயதுக்காரர். அவர் சம்பளத்துக்கு வேலை செய்து, தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவுக்குச் சந்தா கட்டியிருந்தால், டையலிசிஸ் செலவுக்கு அங்கே விண்ணப்பிக்கலாம். இன்னும் செய்யவில்லையென்றால் இந்த வாரமே செய்யச் சொல்லுங்கள். அவருடைய அண்ணன், தம்பி, அக்கா, தங்கை எத்தனை பேர் என்று கேளுங்கள். ஒருவருக்கு இந்த வயதில் சிறுநீரகம் போயிருந்தால், உடன்பிறந்தவர்கள் அனைவரும் இரத்தமும் சிறுநீரும் பார்த்தே ஆக வேண்டும், அழுத்தமும் பார்க்க வேண்டும். நாற்பதுக்குக் கீழ் என்றால் பெக்கா பி40 அவர்களுக்குப் பொருந்தாது. ஒரு வெள்ளிக் கிளினிக்குக்குப் போகட்டும்; பதிவு முகப்பிலேயே “என் உடன்பிறந்தவர் டையலிசிஸில் இருக்கிறார்” என்று முதல் வாக்கியமாகச் சொல்லட்டும். சும்மா செக்கப் என்று சொன்னால் அழுத்தம் மட்டும் பார்த்து அனுப்பிவிடவும் கூடும்.